டவுன்ல சாது, ஹைவேயில சிவப்பு விளக்கு: இன்ஜின் ஹீட் ஆகுறதுக்கு காரணத்தை எங்கிருந்து தேடுறது?

#1 நாலாங்கியர்

2013 மாடல், 1.2 லிட்டர் பெட்ரோல் ஹேட்ச்பேக், 1,08,000 கி.மீ. டெம்பரேச்சர் முள் கிடையாது, இன்ஜின் சில்லுனு இருந்தா நீல விளக்கு, ஹீட் ஆனா சிவப்பு விளக்கு, அவ்வளவுதான்.

டவுன் டிராஃபிக்ல ஏசி போட்டு அரை மணி நேரம் நின்னாலும் ஒண்ணும் ஆகல. ரேடியேட்டர் ஃபேன் ஒழுங்கா ஓடி நிக்குது. ஹைவேயில 90, 100ல இருபது நிமிஷம் போனா சிவப்பு எரியுது. சேலத்துல இருந்து தொப்பூர் மேடு ஏறும்போது, அஞ்சு பேர், ஏசி ஆன்: பாதி மேட்டுலயே எரியுது. ஏசியை அணைச்சு 60க்கு இறக்கினா அஞ்சு நிமிஷத்துல அணைஞ்சிடும்.

இதுவரை செஞ்சது: ரேடியேட்டர் மூடி புதுசு (0.9 பார்). கூலண்ட் மாத்தியாச்சு. தெர்மோஸ்டாட்டை (சூடானதும் ரேடியேட்டர் வழியைத் திறக்கிற வால்வு) மெக்கானிக் கழட்டிட்டார், "நம்ம வெயிலுக்கு இது எதுக்கு"ன்னு. அதுக்கப்புறம் டவுன்ல நீல விளக்கு அணையவே ரொம்ப நேரமாகுது, ஆனா ஹைவேயில முன்னைவிட சீக்கிரமா சிவப்பு விழுது. இப்போ ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவுல இருக்கிற சீல்) போயிருக்கும், ஹெட் இறக்கணும்னு சொல்றாங்க. இறக்குறதுக்கு முன்னாடி வேற என்ன பார்க்கலாம்?

#2 ஸ்பேனர்செட்

நிக்கும்போது ஏறுதா, ஓடும்போது ஏறுதா? இந்த ஒரு கேள்விக்கு நீங்களே பதில் எழுதிட்டீங்க, பாதி வேலை முடிஞ்சது.

நிக்கும்போது மட்டும் ஏறினா காத்து போதலைன்னு அர்த்தம். ஃபேன் மோட்டார், ரிலே, ஃபேன் ரெசிஸ்டர், கூலண்ட் சென்சார், ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவுல அடைஞ்ச தூசி, இதுல ஏதோ ஒண்ணு. 60 கி.மீ. தாண்டினா எதிர்காத்தே போதும், ஃபேன் வேலை பெருசா இல்ல. அதனால உங்க கேஸ்ல ஃபேனை ஏறக்குறைய விட்டுடலாம்.

ஓடும்போது, அதுவும் லோடு அதிகமாகும்போது ஏறினா தண்ணி ஓட்டம் போதல, இல்லைன்னா ரேடியேட்டரால சூட்டை வெளியே விட முடியல. பெட்ரோல்ல இருந்து வர்ற சக்தியில கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு கூலண்டுக்குத்தான் போகுது. மேட்டுல பெட்ரோல் எவ்வளவு கூடுதலா எரியுதோ அந்த அளவுக்கு அந்தப் பங்கும் கூடும். டவுன்ல பாதி அடைச்ச ரேடியேட்டரும் சமாளிச்சிடும், தொப்பூர்ல மாட்டிக்கும்.

ஹெட் கேஸ்கெட்டை கடைசியா வைங்க. அது இருக்கா இல்லையான்னு ஹெட்டைத் தொடாமலே தெரிஞ்சுக்க வழி இருக்கு.

#3 கரிசல்காடு

கேஸ்கெட்டேதான். ஹைவேல மட்டும் ஹீட் ஆகுதுன்னா கம்ப்ரெஷன் தண்ணிக்குள்ள லீக் ஆகுது. டவுன்ல பிரஷர் கம்மி, தெரியாது.

#4 ஹோஸ்கிளிப்

இருக்கலாம் அண்ணா, ஆனா கேஸ்கெட் போனா கூடவே வேற அடையாளமும் விடும். நாலாங்கியர், இதைப் பார்த்துட்டு சொல்லுங்க:

காலையில் இன்ஜின் சில்லுனு இருக்கும்போது மூடியைத் திறந்து, தண்ணி கழுத்து வரைக்கும் இருக்கான்னு பாருங்க. மூடி போட்டு ஸ்டார்ட் பண்ணி, ரெண்டு நிமிஷத்துக்குள்ள மேல் ஹோஸை அமுக்கிப் பாருங்க. தண்ணி இன்னும் சூடாகல, அதுக்குள்ள ஹோஸ் கல்லு மாதிரி ஆச்சுன்னா சிலிண்டர் காத்து உள்ள வருது. சூடாகி பத்து நிமிஷம் கழிச்சு விறைக்கிறது இயல்பு, அதை வெச்சு முடிவு பண்ணாதீங்க.

ரெண்டாவது, ஓவர்ஃப்ளோ டப்பாவுக்குப் போற சின்ன டியூப்போட நுனி தண்ணிக்குள்ள முங்கியிருக்கும்படி வெச்சுக்கிட்டு 2500 ஆர்பிஎம்ல பிடிங்க. முதல்ல கொஞ்சம் குமிழ் வந்து நின்னா உள்ள மாட்டியிருந்த காத்து. நிக்காம வந்துக்கிட்டே இருந்தா சந்தேகம் வலுக்குது.

மூணாவதுதான் சரியான சோதனை. பிளாக் டெஸ்டர்னு ஒரு கண்ணாடிக் குழாய், அதுக்குள்ள நீல திரவம். ரேடியேட்டர் கழுத்துல வெச்சு உள்ள இருக்கிற ஆவியை உறிஞ்சினா, எரிஞ்ச வாயு கலந்திருக்கும்போது நீலம் மஞ்சளாகும். தண்ணியை ஒரு இன்ச் ரெண்டு இன்ச் இறக்கிட்டுத்தான் செய்யணும். கூலண்ட் உள்ள ஏறிட்டா திரவம் கெட்டுப் போயிடும், சோதனையும் பொய்.

ஆயில் மூடிக்கு அடியில மோர் மாதிரி வெள்ளையா இருந்தா உடனே கேஸ்கெட்னு சொல்றவங்க நிறைய. தினமும் ரெண்டு கிலோமீட்டர் மட்டும் ஓடுற வண்டியில வெறும் ஈரப்பதமே அப்படிப் படியும். டிப்ஸ்டிக்லயும் அதே மோர் இருந்தாத்தான் பயப்படணும்.

#5 சிஎன்ஜி_சாமி

குமிழ் விஷயத்துல ஒண்ணு சேர்த்துக்கங்க. சிஎன்ஜி, எல்பிஜி கிட் போட்ட வண்டியில ரெட்யூசரை (கேஸ் பிரஷரைக் குறைக்கிற பாகம்) சூடாக்க கூலண்ட் லைன் போகுது. ரெட்யூசருக்குள்ள சீல் போனா கேஸ் நேரா கூலண்ட்ல கலக்கும், பார்க்க அப்படியே ஹெட் கேஸ்கெட் மாதிரியே இருக்கும். இதைத் தெரியாம ஹெட் இறக்கின வண்டிகள் உண்டு. சிலிண்டர் வால்வை மூடிட்டு பெட்ரோல்ல பத்து நிமிஷம் ஓட்டிப் பாருங்க. குமிழ் நின்னா குத்தம் ரெட்யூசர் மேல.

#6 நாலாங்கியர்

சிஎன்ஜி இல்ல, பெட்ரோல் மட்டும். காலையில் ஹோஸ் விறைக்கல. குமிழ் ஒரு நிமிஷம் வந்து நின்னுடுச்சு. நீல திரவம் கால் மணி நேரம் வெச்சும் நீலமாவே இருந்தது. டிப்ஸ்டிக் சுத்தம்.

#7 கரிசல்காடு

அப்ப கேஸ்கெட் இல்ல, வாபஸ் வாங்கிக்கிறேன். வாட்டர் பாடியை, அதான் வாட்டர் பம்ப்பை, மாத்துங்க.

#8 ஸ்பேனர்செட்

அண்ணே, பொறுங்க. மாத்துறதுக்கு முன்னாடி அளக்கணும். சிவப்பு விளக்கு ஒரு அளவுகோலே இல்ல, அது எரியுறப்போ இன்ஜின் ஏற்கனவே 110 பக்கம் போயாச்சு. முள் இருக்கிற வண்டியிலும் இதே கதைதான்: பல வண்டிகள்ல 75ல இருந்து 100 தாண்டுற வரைக்கும் முள் நடுவுலயே நிக்கும்படி வேணும்னே வெச்சிருக்காங்க.

ஓபிடி அடாப்டர் (இன்ஜின் கம்ப்யூட்டர்ல இருக்கிற தகவலைப் படிக்கிற கருவி) ஒண்ணு வாங்கி ஸ்டீயரிங்குக்குக் கீழ இருக்கிற சாக்கெட்ல சொருகுங்க, போன்ல கூலண்ட் டெம்பரேச்சரை டிகிரியிலேயே காட்டும். அது இன்ஜினை விட்டு வெளியே வர்ற தண்ணியோட சூடு. ரேடியேட்டர் எவ்வளவு ஆத்தி அனுப்புதுன்னும் தெரியணும். அதுக்கு மீன் தொட்டிக்கு விக்கிற ஒயர் வெச்ச டிஜிட்டல் தெர்மாமீட்டர் போதும், 110 டிகிரி வரைக்கும் காட்டும். ஒயர் நுனியைக் கீழ் ஹோஸ் மாட்டியிருக்கிற குழாய்க் கழுத்துல ஒட்டி, மேல ஸ்பாஞ்ச் துண்டு வெச்சு டேப் சுத்துங்க, காத்து படக்கூடாது. ஃபேன், பெல்ட் பக்கம் போகாம ஒயரைக் கட்டி, டிஸ்பிளேயை முன் கண்ணாடிக்குக் கீழ வெளிப்பக்கமா ஒட்டிடுங்க. வெளியில ஒட்டி அளக்குறதால அஞ்சு டிகிரி வரைக்கும் குறைச்சுக் காட்டும்.

மேலயும் கீழயும் வித்தியாசம் 10, 15 இருந்தா ஆரோக்கியம். வித்தியாசம் குறைவு, ரெண்டுமே சூடுன்னா தண்ணி ஓடுது, ஆனா ரேடியேட்டர் ஆத்தல: வெளியில தூசி, காத்து வழி அடைப்பு. வித்தியாசம் 30 தாண்டினா தண்ணி மெதுவா ஊர்ந்து போகுது: பம்ப், உள் அடைப்பு, கீழ் ஹோஸ் ஒட்டிக்கிறது. அளக்கும்போது பக்கத்துல ஒருத்தர் உக்காந்து எழுதணும், ஓட்டுறவர் ரோட்டைப் பார்க்கட்டும்.

#9 பவானிப்பாலம்

இழைக்குள் குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். என்னுடையது டீசல், 1.5 லிட்டர். இவருக்கு நேர் எதிர்: ஹைவேயில் பிரச்சினை இல்லை, சிக்னலில் ஏசியுடன் நின்றால் ஏறுகிறது. ஃபேன் ஓடவே ஓடுவதில்லை, திடீரென்று பெரிய சத்தத்துடன் முழு வேகத்தில் ஓடும், பிறகு நின்றுவிடும்.

#10 ஹோஸ்கிளிப்

ஃபேன் ரெசிஸ்டர் சார். ரெண்டு வேக ஃபேன்ல குறைஞ்ச வேகத்துக்கு கரண்ட் ரெசிஸ்டர் வழியா போகும். அது கருகிட்டா குறைஞ்ச வேகம் செத்துடும். இன்னும் சூடாகி ஈசியூ (இன்ஜின் கம்ப்யூட்டர்) ரெண்டாவது வேகத்தைக் கேட்கும்போது மட்டும் ஓடும், நீங்க சொன்ன மாதிரியே. பொதுவா ஃபேனைச் சுத்தியிருக்கிற பிளாஸ்டிக் கூடு, ஷ்ரவுட்லயே ஸ்க்ரூ போட்டு மாட்டியிருக்கும். மல்டிமீட்டர்ல வெச்சா ஒரு ஓம் கிட்டயோ அதுக்கும் கீழயோ காட்டணும். ஓப்பன்னு காட்டினா மாத்துங்க. ஃபேன் கனெக்டர் பின் உருகியிருக்கான்னும் பாருங்க.

யாராவது "ஸ்விட்ச் போட்டு டைரக்ட் குடுத்துடலாம்"னு சொன்னா வேண்டாம்னுடுங்க. ரெசிஸ்டர் விலை அந்த ஒயரிங்கைவிட பெருசா ஒண்ணும் இல்ல. 12, 15 ஆம்பியர் இழுக்கிற மோட்டாருக்கு ஃபியூஸ் இல்லாம சின்ன ஒயர் போட்டா முதல்ல எரியுறது ஒயர்.

#11 மணல்மேடு

ஃபேன் பேச்சு வந்ததால ஒண்ணு. மோட்டார் மாத்தும்போது ரெண்டு ஒயர் மாறிட்டா ஃபேன் தலைகீழா சுத்தும், காத்தை முன்பக்கமா தள்ளும். சத்தம் வரும், சுத்துறதும் கண்ணுக்குத் தெரியும், எல்லாரும் ஃபேன் ஓகேன்னு எழுதிட்டுப் போயிடுவாங்க. வண்டி ஓடும்போது எதிர்காத்தோட மல்லுக்கட்டும். ஒரு தினசரி காலண்டர் தாளைக் கிரில்லுக்கு முன்னாடி பிடிங்க. ஃபேன் ஓடும்போது தாள் கிரில்ல ஒட்டணும்.

#12 நாலாங்கியர்

தாள் ஒட்டுது. அளவு எடுத்தாச்சு, வெளியில 36 டிகிரி, ஏசி ஆன்.

டவுன்: இன்ஜின் 72–76.
60 கி.மீ. வேகத்துல: 85, கீழ 64.
95 கி.மீ. வேகத்துல இருபது நிமிஷம்: 109, கீழ 68. அதுக்கு மேல ஏறுறதுக்குள்ள வேகத்தைக் குறைச்சாச்சு.

#13 ஸ்பேனர்செட்

41 டிகிரி வித்தியாசம். அஞ்சு டிகிரி தள்ளினாலும் 36. ரேடியேட்டருக்குள்ள வர்ற தண்ணி நல்லா ஆறுது, ஆனா வர்றதே கொஞ்சம்.

வாட்டர் பாடியை இப்பவே குத்தம் சொல்ல முடியாது. தெர்மோஸ்டாட் இல்லாம எடுத்த அளவு இது. முதல்ல சரியான தெர்மோஸ்டாட்டைத் திரும்ப மாட்டி, இதே ரோட்டுல இதே வேகத்துல மறுபடி அளங்க.

#14 கரிசல்காடு

இது என்ன கணக்கு? தெர்மோஸ்டாட் ஒரு அடைப்புதானே. அடைப்பை எடுத்தா ஓட்டம் கூடத்தானே செய்யும்? பழைய டாக்ஸிக்கெல்லாம் கழட்டித்தான் ஓட்டினாங்க.

#15 ஸ்பேனர்செட்

நியாயமான கேள்வி அண்ணே, பழைய வண்டிக்கு அது ஓரளவு சரியும்கூட. இந்த மாதிரி இன்ஜின்ல தெர்மோஸ்டாட்டுக்கு ரெண்டு தட்டு இருக்கும். முன்தட்டு திறந்தா ரேடியேட்டர் வழி திறக்கும். அதே அசைவுல பின்தட்டு போய் பைபாஸ் ஓட்டையை மூடும். பைபாஸ்ங்கிறது ரேடியேட்டருக்குப் போகாம இன்ஜினுக்குள்ளயே தண்ணி சுத்துற குறுக்கு வழி, சில்லுனு இருக்கும்போது இன்ஜின் சீக்கிரம் சூடாக வெச்சது.

தெர்மோஸ்டாட்டை எடுத்துட்டா பைபாஸை மூட ஆளே இல்ல. தண்ணி சுலபமான வழியிலதான் போகும். ரேடியேட்டரோட மெல்லிசு டியூப்ல நுழையுறதைவிட பைபாஸ் அகலமா, குட்டையா இருக்கு. அதனால ஒரு பங்கு சூடு தண்ணி ஆறாமலே திரும்பத் திரும்ப இன்ஜினுக்குள்ள வருது. டவுன்ல சூடு கம்மி, மிச்ச பங்கே போதும், 72லயே நிக்குது. ஹைவேல போதாது. முதல் பதிவுல சொன்ன "டவுன்ல கூல், ஹைவேல சீக்கிரம் சிவப்பு" முழுக்க இதோட விளைவு.

டவுன்ல 72ல ஓடுறதும் நல்லதில்ல. ஈசியூ இன்ஜின் இன்னும் சூடாகலன்னு நெனச்சு பெட்ரோலைக் கூட்டி விடும், மைலேஜ் விழும். இன்ஜின் போதுமான சூட்டுக்கு வரலன்னு சொல்ற பி0128ங்கிற கோடும் இருக்கும், ஸ்கேன் பண்ணிப் பாருங்க.

#16 ஹோஸ்கிளிப்

வாங்கும்போது தெர்மோஸ்டாட் மேல பொறிச்சிருக்கிற எண்ணைப் பாருங்க. பழசுல 82 இருந்தா 82, 88 இருந்தா 88. "குறைஞ்ச டிகிரி போட்டா கூலா ஓடும்"ங்கிறது வேலைக்கு ஆகாது. முழுசா திறந்த பிறகு ரெண்டும் ஒரே அளவு தண்ணிதான் விடும், மேட்டுல ஒரு டிகிரிகூட குறையாது.

புதுசா இருந்தாலும் மாட்டுறதுக்கு முன்னாடி ஒரு பாத்திரத்துல தண்ணி வெச்சு, அடியைத் தொடாம நூல்ல கட்டித் தொங்கவிட்டு சூடாக்குங்க. தெர்மாமீட்டர் கூடவே இருக்கணும். பொறிச்ச டிகிரிக்கு ரெண்டு டிகிரி முன்ன பின்ன திறக்க ஆரம்பிச்சு, அடுத்த 12, 15 டிகிரிக்குள்ள எட்டு மில்லிமீட்டர் திறக்கணும். பெட்டியிலிருந்து எடுத்ததே திறக்காம வர்றது உண்டு.

மாட்டும்போது சின்ன ஆணி மாதிரி ஆடுற ஜிகிள் பின் மேல் பக்கமா வரணும். காத்து அது வழியாத்தான் தப்பிக்கும். கீழ் பக்கமா போட்டா தெர்மோஸ்டாட்டைச் சுத்தி காத்து தங்கி, சூடு தெரியாம லேட்டா திறக்கும்.

#17 பவானிப்பாலம்

ரெசிஸ்டர் திறந்த சுற்றுதான் காட்டியது. மாற்றியபின் குறைந்த வேகம் வேலை செய்கிறது. ஏசி போட்டவுடனே ஃபேன் ஓடுகிறது. இன்னொன்று: மாதம் அரை லிட்டர் கூலண்ட் குறைகிறது, வெளியே ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை. இதற்கும் அதற்கும் தொடர்பு உண்டா?

#18 ஸ்பேனர்செட்

இல்ல சார், அது தனிக் கதை. டீசல்ல வெளியே ஒழுகாம கூலண்ட் குறைஞ்சா முதல் சந்தேகம் ஈஜிஆர் கூலர், அதாவது இன்ஜினுக்கே திருப்பி விடுற புகையை கூலண்ட் வெச்சு ஆத்துற பாகம். உள்ள விரிசல் விட்டா தண்ணி இன்டேக் வழியா இன்ஜினுக்குள்ள போய் ஆவியாகிடும். சில்லுனு இருக்கும்போது கூலிங் சிஸ்டத்துக்கு கைப்பம்ப் பிரஷர் டெஸ்டர் போட்டு, மூடியில எழுதியிருக்கிற பிரஷர் வரைக்கும் ஏத்தி, கால் மணி நேரம் விடுங்க. முள் இறங்கி, வெளியிலயும் ஈரம் இல்லைன்னா ஈஜிஆர் பைப்பைக் கழட்டி உள்ள பாருங்க. கரி ஈரமா இருந்தா கூலர்தான். முன்சீட் கார்ப்பெட்டுக்கு அடியிலயும் கை வெச்சுப் பாருங்க, ஹீட்டர் கோர் (கேபினைச் சூடாக்க கூலண்ட் ஓடுற பாகம்) ஒழுகினா அங்கதான் சேரும்.

குறையுதேன்னு ஸ்டாப் லீக் பவுடர், மஞ்சள் தூள், முட்டை எதையும் ஊத்தாதீங்க. ஓட்டையை அடைக்குதோ இல்லையோ, ஹீட்டர் கோரோட சின்ன டியூப்பைக் கண்டிப்பா அடைக்கும்.

#19 நாலாங்கியர்

88 டிகிரி தெர்மோஸ்டாட் மாட்டியாச்சு, பாத்திர சோதனையில 87ல திறந்தது. ஸ்கேன்ல பி0128 இருந்தது, அழிச்சாச்சு. புது அளவு:

டவுன்: 89–96, ஃபேன் ஓடி ஓடி நிக்குது.
95 கி.மீ. வேகத்துல: 99, கீழ 75. ஏறல, அப்படியே நிக்குது.
தொப்பூர் மேடு, அஞ்சு பேர், ஏசியோட: கடைசி கிலோமீட்டர்ல 110, கீழ 76.

#20 கரிசல்காடு

சரி, பைபாஸ் விஷயத்தை ஒத்துக்கிறேன். பத்து டிகிரி இறங்கியிருக்கு. ஆனா மேட்டுல இன்னும் 34 வித்தியாசம். இப்பவாவது வாட்டர் பாடின்னு சொல்லலாமா?

#21 ஸ்பேனர்செட்

இப்போ சொல்லலாம் அண்ணே, ஆனா பக்கத்துலயே இன்னும் ரெண்டு பேர் நிக்கிறாங்க: கீழ் ஹோஸ், ரேடியேட்டர் உள் அடைப்பு. மூணுமே ஓட்டத்தைக் குறைக்கும்.

கீழ் ஹோஸ் சுலபம். வண்டியை நிறுத்தி, சூடா இருக்கும்போது ஒருத்தரை 3000 ஆர்பிஎம் பிடிக்கச் சொல்லி ஹோஸைப் பாருங்க. பம்ப் உறிஞ்சுற பக்கம் அதுதான். ரப்பர் தொளதொளன்னு ஆகியிருந்தா, உள்ள இருந்த ஸ்பிரிங் துருப்பிடிச்சுப் போயிருந்தா, சப்பையா ஒட்டிக்கும். ஐடில்ல மறுபடி உப்பிடும், யாருக்கும் தெரியாது.

அடைப்புக்கு, தொடாமலே சூட்டை அளக்குற லேசர் தெர்மாமீட்டர். ஓட்டி வந்து ஃபேன் நின்னதும் இன்ஜின் பக்கத்துல இருந்து ரேடியேட்டர் முகத்தை மேல, நடு, கீழன்னு வரிசைக்கு நாலு இடமா அளங்க. பளபளன்னு இருக்கிற அலுமினியத்துல லேசர் பொய் சொல்லும், இருபது டிகிரிகூட குறைச்சுக் காட்டும். அளக்குற இடத்துல கறுப்பு இன்சுலேஷன் டேப் துண்டு ஒட்டிட்டு அதை அளங்க. சூடு நுழையுற பக்கத்துல இருந்து வெளியேறுற பக்கம் வரை சீரா குறைஞ்சா டியூப் எல்லாம் திறந்திருக்கு. ஒரு பட்டை மட்டும் சில்லுனு இருந்தா அங்க தண்ணியே போகல.

பம்ப்புக்கு நேர் சோதனை: கேபின் ஹீட்டரை முழுசா திறந்து ஐடில்ல விடுங்க. வெதுவெதுன்னு வந்து, 2500 பிடிச்சதும் கொதிக்கக் கொதிக்க வந்தா பம்ப் தள்ள மாட்டேங்குது, இல்லைன்னா உள்ள காத்து மாட்டியிருக்கு. காத்து எடுத்த பிறகும் அப்படியே இருந்தா பம்ப்.

#22 மணல்மேடு

காத்து எடுக்கிறதைச் சும்மா சொல்லிட்டுப் போனா எப்படி? வண்டி மூக்கு மேடா இருக்கும்படி நிறுத்தணும். இன்ஜின் முழுக்க ஆறியிருக்கணும். ஹீட்டர் நாப் முழு சூட்டுல, மூடி திறந்தபடி, கழுத்துல கசியாம பிடிக்கிற புனல் வெச்சு கூலண்ட் நிரப்பி ஸ்டார்ட் பண்ணுங்க. ஸ்டார்ட் பண்ணும்போதே மூடி திறந்திருக்கணும், சூடான பிறகு திறக்கிற வேலை கிடையாது. மேல் ஹோஸைக் கையால அமுக்கி அமுக்கி விடுங்க. தெர்மோஸ்டாட் திறந்ததும் தண்ணி சட்டுனு இறங்கும், ஊத்துங்க. ஃபேன் ரெண்டு தடவை ஓடி நிக்கிற வரைக்கும் பொறுமை. ப்ளீட் ஸ்க்ரூ இருக்கிற வண்டியில அதைத் திறந்து, குமிழ் இல்லாம வர்ற வரைக்கும் விட்டு மூடணும். ஆறினதும் அளவு பார்த்து மூடி போடுங்க.

#23 ஊசிவளைவு

மலை ரோட்டுல மாட்டிக்கிறவங்களுக்கு ஒண்ணு. சிவப்பு எரிஞ்சதும் ஏசியை அணைச்சு, ஹீட்டரை முழுசா திறந்து, ப்ளோயர் நாலுல வைங்க. ஹீட்டர் கோரும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான். ஓரமா நிறுத்தி, ஆவி வரல, தண்ணி ஒழுகலன்னா ஒரு நிமிஷம் ஐடில்ல விடலாம், சூடு இறங்கும். ஆவி வந்தாலோ, ஹீட்டர்ல சில் காத்து வந்தாலோ தண்ணி காலின்னு அர்த்தம், உடனே ஆஃப் பண்ணுங்க.

மூடியைத் தொடாதீங்க. 0.9 பார் மூடிக்குள்ள வெறும் தண்ணியே கடல்மட்டத்துல 118 டிகிரி வரைக்கும் கொதிக்காம இருக்கும். திறந்த நொடி பிரஷர் போயிடும், உள்ள இருக்கிறது மொத்தமா ஆவியா மூஞ்சிக்கு வரும். முக்கால் மணி நேரமாவது விடணும். ஊட்டி உயரத்துல தண்ணி 92, 93லயே கொதிக்கும், அங்க மூடி ரப்பர் போயிருந்தா சாதாரண சூட்டுலயே பொங்கிடும். வறண்டு போன இன்ஜின்ல பச்சைத் தண்ணியை ஊத்தினா ஹெட் வளையும். அதுவரைக்கும் நல்லா இருந்த கேஸ்கெட் அன்னிக்குத்தான் போகும்.

#24 நாலாங்கியர்

ஹோஸ் ஒட்டல. ஹீட்டர் ஐடில்ல வெதுவெது, ரெய்ஸ் பண்ணா சூடு. காத்து எடுத்த பிறகும் அதேதான். ரேடியேட்டர் முகம்: மேல் வரிசை 88, 86, 85, 81. நடு 87, 84, 82, 79. கீழ் வரிசை 55, 53, 52, 52.

#25 ஸ்பேனர்செட்

ரெண்டு திருடனும் ஒரே வீட்டுல. கீழ் வரிசை 30 டிகிரி குறைவு, அந்த டியூப்பெல்லாம் அடைச்சாச்சு. ஹீட்டர் சோதனை பம்ப்பைக் காட்டிக் குடுக்குது. ரெண்டையும் கழட்டுங்க. உங்க இன்ஜின்ல பம்ப் வெளிப்பக்க பெல்ட்லதான் ஓடுது, டைமிங் செயின் கவரைத் தொட வேண்டாம்.

#26 நாலாங்கியர்

கழட்டியாச்சு. பம்ப்புக்கு வெளியே ஒழுகலே இல்ல, பேரிங் சத்தமும் இல்ல. உள்ள தண்ணியைத் தள்ளுற சக்கரம், இம்பெல்லர், அதோட தகடு துருப்பிடிச்சு பாதி உயரம்தான் மிச்சம், ஓரமெல்லாம் அரிச்ச மாதிரி. ரேடியேட்டர் கீழ் டியூப் வாயில வெள்ளையும் துருவும் கலந்த கசடு. கடையில ராட் விட்டு சுத்தம் பண்ணிடலாம்னு சொல்றாங்க.

#27 ஹோஸ்கிளிப்

ராட் விடுறது பித்தளை ரேடியேட்டருக்கு. அதுல டேங்க்கை ஈயப்பத்து வெச்சு எடுத்து மாட்டுவாங்க. இது அலுமினிய கோர், பிளாஸ்டிக் டேங்க், ஓரத்தை மடிச்சு அமுக்கினது. டேங்க்கைப் பிரிச்சு மறுபடி மடிச்சா அந்த ஓரம் கொஞ்ச நாள்ல ஒழுகும். டியூப்பும் மெல்லிசு, கம்பி குத்திடும். புது ரேடியேட்டர் போடுங்க. அதுக்கு முன்னாடி தெர்மோஸ்டாட் இல்லாம இன்ஜினை ரெண்டு பக்கமும் தண்ணி விட்டுக் கழுவுங்க, இல்லைன்னா பிளாக்ல மிச்சமிருக்கிற துரு புது ரேடியேட்டருக்கு வந்து சேரும். பம்ப் உக்கார்ற முகத்துல பழைய கேஸ்கெட்டை பிளேடால சுரண்டும்போது அலுமினியத்துல கீறல் விழாம பாருங்க. 6 மி.மீ. போல்ட்டுக்கு 10 நியூட்டன் மீட்டர் போதும்.

#28 கரிசல்காடு

வெள்ளைக் கசடு போர் தண்ணி. கூலண்ட் மாத்தினேன்னு சொன்னீங்களே, எதைக் கலந்தாங்க?

#29 நாலாங்கியர்

முன்னாடி எப்படின்னு தெரியல, வண்டி செகண்ட் ஹேண்ட். கடைசியா மாத்தினப்போ ஒரு லிட்டர் பச்சை கான்சன்ட்ரேட், மிச்சம் குழாய்த் தண்ணி.

#30 ஸ்பேனர்செட்

அப்போ அந்தத் தண்ணியையும் முழுக்க வடிச்சுட வேண்டியதுதான். உப்புத் தண்ணியில இருக்கிற சுண்ணாம்பு சூடான இடத்துல படியும், கூலண்ட்ல துருவைத் தடுக்கிற மருந்து குறைஞ்சா இரும்பு இம்பெல்லர் கரையும். கான்சன்ட்ரேட்டோட டிஸ்டில்டு வாட்டர் கலங்க, இல்லைன்னா ஏற்கனவே கலந்து வர்ற ரெடி மிக்ஸ் ஊத்துங்க. நம்ம ஊருல தண்ணி உறையாது, ஆனா துருவுக்காகவாவது முப்பது சதவீதம் கான்சன்ட்ரேட் வேணும். பாதிக்குப் பாதி போட்டாலும் சரி. கான்சன்ட்ரேட்டை அப்படியே ஊத்தினா தண்ணியைவிட சூடு கம்மியாத்தான் சுமக்கும், இன்னும் ஹீட் ஆகும். நிறத்தை நம்பி ஒண்ணோட ஒண்ணு கலக்காதீங்க, எந்த நிறம் எந்த வகைன்னு பொது விதி கிடையாது. மேனுவல்ல என்ன வகைன்னு இருக்கோ அது.

#31 நாலாங்கியர்

புது பம்ப், புது ரேடியேட்டர், ரெடி மிக்ஸ் 4.2 லிட்டர் உள்ள போச்சு. 100 கி.மீ. வேகத்துல 92, கீழ 80. தொப்பூர் அதே லோடுல உச்சத்துல 96, கீழ 81. சிவப்பு எரியல. வண்டிக்கு அடியில இருக்கிற பிளாஸ்டிக் தட்டு உடைஞ்சிருந்தது, அதை மாட்டாம விடலாமா?

#32 மணல்மேடு

மாட்டுங்க. ரேடியேட்டருக்குப் பின்னாடி வர்ற காத்து கீழ இழுபட்டு வெளியே போறதுக்கு அதுவும் ஒரு காரணம், அலங்காரம் இல்ல. ரெண்டு மூணு தடவை சூடாகி ஆறின பிறகு கிளிப்பெல்லாம் ஒரு தடவை பாருங்க. காலையில் சில்லுனு இருக்கும்போது டப்பாவுல அளவு கொஞ்சம் இறங்கியிருக்கும், அதே கூலண்டை ஊத்தி மேல் கோட்டுக்குக் கொண்டு வந்துடுங்க.